பாட்டிலுக்குத் தரம் வந்தது. கிணற்றுக்கு நீதி வரவில்லை

புதுதில்லி: மாநிலச் சட்டப்பேரவைகள் நிறைவேற்றும் மசோதாக்கள் மீது முடிவெடுக்க ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2025 நவம்பர் 20-ஆம் தேதி கருத்துத் தெரிவித்தது. தமிழக அரசியல் அரங்கில் அது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. ஆனால், ஒரு மசோதா தில்லியில் காத்துக் கிடப்பது என்றால் என்ன என்பதைத் தமிழக எல்லைக்கு அப்பால் வாழும் தமிழ் பேசும் விவசாயிகளும் ஆதிவாசிகளும் அதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே அனுபவத்தில் அறிந்துகொண்டுவிட்டனர்.

கோவையிலிருந்து பாலக்காடு மாவட்டத்துக்குள் நுழையும் சாலைகளில் ஒன்று வேலந்தாவளம் வழியாகச் செல்கிறது. ஊரின் பெயரைக் கேட்டதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சோதனைச் சாவடிதான். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. மூடப்படாதது தண்ணீர்ப் பிரச்னை. கேரளம் என்றால் மழை என்ற பொது எண்ணத்துக்கு வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, பெருமாட்டி வட்டாரங்கள் விதிவிலக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாலக்காட்டுக் கணவாயில், மழை குறைவாகப் பெய்யும் கிழக்கு ஓரத்தில் இவை இருக்கின்றன. பனை மரங்களும் தென்னந்தோப்புகளும் நிறைந்த இந்த மண், கேரளத்தைவிடக் கொங்கு நாட்டையே அதிகம் ஒத்திருக்கிறது.

இங்குள்ள பாசனத்தின் தலையெழுத்தும் இரு மாநிலங்களின் கையில் உள்ளது. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தத்தின்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீரைத் தமிழகம் கேரளத்துக்கு வழங்க வேண்டும். அந்த நீர் சித்தூர்ப்புழை வழியாக வயல்களை அடைகிறது. எல்லையோரத்து மேட்டுப் பகுதிகளுக்கு அது எட்டுவதில்லை. மூலத்தறை வலதுகரைக் கால்வாயை வேலந்தாவளம் வரை நீட்ட வேண்டும் என்ற கோரிக்கை பல தேர்தல்களில் ஒலித்ததற்குக் காரணம் அதுவே. கால்வாய் எட்டாத இடத்தில் கிணறு ஒன்றே ஆதாரம். அப்படிப்பட்ட இடத்தில்தான் ஒரு பன்னாட்டு நிறுவனம் குளிர்பான ஆலையைத் தொடங்கியது.

ஆலை வந்த கதை

வேலந்தாவளத்துக்குத் தெற்கே, அதே எல்லையை ஒட்டியுள்ள பெருமாட்டி ஊராட்சியில் இருக்கிறது பிளாச்சிமடா. இந்துஸ்தான் கோகோ கோலா பிவரேஜஸ் நிறுவனத்துக்கு 2000 ஜனவரியில் ஊராட்சி உரிமம் வழங்கியது. அதே ஆண்டு மார்ச்சில் உற்பத்தி தொடங்கியது. நிறுவனத்துக்குச் சொந்தமான நிலம் ஏறத்தாழ 35 ஏக்கர். அதிலிருந்த ஆழ்துளைக் கிணறுகளும் திறந்த கிணறுகளுமே ஆலைக்கு நீராதாரம். நாளொன்றுக்கு எடுக்கப்பட்ட நீர் 5 லட்சம் லிட்டர் என்பது நிறுவனத் தரப்பின் கணக்கு. அதைவிடப் பல மடங்கு என்பது எதிர்ப்பாளர்களின் கணக்கு. இந்த வழக்கில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட எண்கள் மிகக் குறைவு.

ஆலை இயங்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே அக்கம்பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கியதாகவும், எஞ்சிய நீர் உவர்த்துவிட்டதாகவும், சமைத்த சோறு விரைவில் கெட்டதாகவும் மக்கள் கூறினர். அவர்களில் பெரும்பாலோர் இரவாளர், மலசர் ஆகிய ஆதிவாசி சமூகத்தினர். கிணற்று நீர் குடிக்க ஏற்றதல்ல என்று உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையம் 2003 மே மாதம் சான்றளித்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 2002 ஏப்ரல் 22-ஆம் தேதி, ஆலை வாயிலில் தொடர் போராட்டம் தொடங்கிவிட்டது. சி.கே. ஜானு அதைத் தொடங்கி வைத்தார். பள்ளிக்கூடம் சென்று படித்தறியாத மயிலம்மா என்ற இரவாளர் சமூகப் பெண்மணி அதன் முகமாக விளங்கினார். 2007 ஜனவரியில் அவர் காலமானார்.

யாருடைய அறிவியல்?

பிளாச்சிமடா போராட்டத்தைப் பிற தண்ணீர்ப் போராட்டங்களிலிருந்து வேறுபடுத்துவது ஒன்று உண்டு. அதன் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆய்வறிக்கை வந்தது. ஒவ்வோர் ஆய்வறிக்கைக்கும் ஒரு மறுப்பும் வந்தது.

2003 ஜூலையில் பி.பி.சி. வானொலியின் நிகழ்ச்சி ஒன்று, உரம் என்று கூறி விவசாயிகளுக்கு வழங்கப்பட்ட ஆலைக் கசடின் மாதிரிகளை இங்கிலாந்தின் எக்செட்டர் பல்கலைக்கழகத்தில் சோதித்து, அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதாக அறிவித்தது. கசடு தீங்கற்றது என்று நிறுவனம் மறுத்தது. கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முதல் சோதனையில் காட்மியம் வரம்புக்கு மேல் இருந்தது. அதே வாரியத்தின் பிந்தைய அறிக்கை, வரம்புக்குள்தான் இருக்கிறது என்றது. ஒரே ஆலை, ஒரே கசடு, ஒரே வாரியம். முடிவு மட்டும் இரண்டு. கிராம மக்கள் எதை நம்புவது?

நீர்மட்டம் குறித்தும் இதே நிலைதான். மழை பொய்த்ததே காரணம் என்றது நிறுவனம். அந்த வாதத்தை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. 2002-இல் நாடெங்கும் கடும் வறட்சி நிலவியது. பாலக்காட்டின் கிழக்குப் பகுதியும் அதற்குத் தப்பவில்லை. ஆனால், மழை பொய்த்த ஆண்டில் குடிநீருக்கு முன்னுரிமையா, குளிர்பானத்துக்கு முன்னுரிமையா என்ற கேள்விக்கு மழைமானியிடம் விடை கிடையாது. அது அரசியல் கேள்வி. அதை அறிவியல் கேள்வி போல ஆக்கியதில்தான் ஆண்டுகள் கழிந்தன.

ஊராட்சி அந்தக் கேள்விக்குத் தன் விடையை அளித்தது. உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்து 2003 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே, எனவே வேறு நீராதாரத்தை ஒரு மாதத்துக்குள் நிறுவனம் தேடிக்கொள்ள வேண்டும் என்று நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் 2003 டிசம்பர் 16-ஆம் தேதி தீர்ப்பளித்தார். நிறுவனம் மேல்முறையீடு செய்தது. கோழிக்கோட்டில் உள்ள நீர்வள மேம்பாடு மற்றும் மேலாண்மை மையத்தின் ஆய்வறிக்கையை ஏற்ற இருநீதிபதி அமர்வு, இயல்பான மழை பெய்யும் ஆண்டில் நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்று 2005 ஏப்ரல் 7-ஆம் தேதி கூறியது. முதல் தீர்ப்பு தண்ணீர் யாருடையது என்று கேட்டது. இரண்டாவது தீர்ப்பு தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டது. கேள்வி மாறியதும் விடையும் மாறிவிட்டது.

இதற்கிடையே, மாநில அரசின் தடை காரணமாக 2004 மார்ச் மாதத்திலேயே ஆலை நின்றுவிட்டது. பின்னர் அது முழு அளவில் இயங்கவே இல்லை. ஊராட்சியின் மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் நிலுவையில் இருந்தது. பிளாச்சிமடாவில் மீண்டும் உற்பத்தி தொடங்கும் எண்ணம் இல்லை என்று நிறுவனம் தெரிவித்ததை அடுத்து, 2017 ஜூலையில் வழக்கு முடித்துவைக்கப்பட்டது. நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம் என்ற மூலக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் விடை கூற வேண்டிய அவசியமே எழவில்லை.

நாடாளுமன்றம் பார்த்த பாட்டில்

பிளாச்சிமடாவில் கிணறு பற்றிய சண்டை உச்சத்தில் இருந்த அதே வேளையில், தில்லியில் பாட்டில் பற்றிய சண்டை வெடித்தது. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2003 ஆகஸ்ட் 5-ஆம் தேதி வெளியிட்ட அறிக்கையில், கோகோ கோலா, பெப்சி நிறுவனங்களின் 12 வகைக் குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாகக் கூறியது. ஐரோப்பிய வரம்பைவிட சராசரியாக முறையே 30 மடங்கும் 36 மடங்கும் அதிகம் என்பது அதன் கணக்கு. இரு நிறுவனங்களும் மறுத்தன. மையத்தின் ஆய்வகத் தகுதியையே கேள்விக்குள்ளாக்கின. நாடாளுமன்றச் சிற்றுண்டிச் சாலைகளில் அந்தப் பானங்கள் நிறுத்தப்பட்டன.

அப்போதைய சுகாதார அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ், மைசூரிலும் கொல்கத்தாவிலும் உள்ள அரசு ஆய்வகங்களில் நடத்திய சோதனை முடிவுகளை நாடாளுமன்றத்தில் வைத்தார். நடப்பிலுள்ள விதிகளின்படி எல்லா மாதிரிகளும் வரம்புக்குள் உள்ளன. ஆனால், வரவிருந்த கடுமையான வரம்போடு ஒப்பிட்டால் 12-இல் 9 தேறாது என்பதே அந்த முடிவு. இரு தரப்பும் வெற்றி கொண்டாட அது இடமளித்தது. அவை அமைதி அடையவில்லை. விளைவாக, சரத் பவார் தலைமையில் 15 உறுப்பினர்கள் கொண்ட நாடாளுமன்றக் கூட்டுக் குழு அமைக்கப்பட்டது.

அதற்கு முன் அமைந்த கூட்டுக் குழுக்கள் போஃபர்ஸ் பீரங்கி பேரத்தையும் இரு பங்குச் சந்தை ஊழல்களையும் விசாரித்தவை. மக்கள் உட்கொள்ளும் பொருளின் பாதுகாப்பு குறித்துக் கூட்டுக் குழு அமைந்தது அதுவே முதல் முறை. 2004 பிப்ரவரியில் அளித்த அறிக்கையில், பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக மையம் கூறியது சரியே என்று குழு ஏற்றது. குளிர்பானங்களுக்குத் தனித் தர நிர்ணயம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 2006-இல் மையம் இரண்டாவது அறிக்கை வெளியிட்டபோது, கேரளத்தின் அச்சுதானந்தன் அரசு அந்தப் பானங்களின் உற்பத்திக்கும் விற்பனைக்கும் தடை விதித்தது. ஒன்றரை மாதத்தில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எனினும் தர நிர்ணயப் பணி நகர்ந்தது. காலப்போக்கில் வரம்புகள் வந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கூட்டுக் குழுவுக்கு ஒப்படைக்கப்பட்ட பணி, பானங்களில் உள்ள பூச்சிக்கொல்லி எச்சமும் பாதுகாப்புத் தரமும். பானத்துக்காக நீர் எடுக்கப்பட்ட கிணறு அதில் இல்லை. பாட்டிலைத் திறந்து குடிக்கும் நகரவாசியின் உடல்நலம் நாடாளுமன்றத்தின் அக்கறைக்கு உரியதாயிற்று. குடம் சுமந்து நெடுந்தூரம் நடந்த ஆதிவாசிப் பெண்ணின் குடிநீர், மாநிலத்தின் பிரச்னையாக, பிறகு ஊராட்சியின் பிரச்னையாகச் சுருங்கிவிட்டது.

இழப்பீடு எங்கே?

ஆலை மூடப்பட்ட பின் எஞ்சிய கேள்வி இழப்பீடு. கூடுதல் தலைமைச் செயலாளர் கே. ஜெயகுமார் தலைமையில் கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010 மார்ச்சில் அறிக்கை அளித்தது. மொத்தச் சேதம் சுமார் 216 கோடி ரூபாய் என்று அது மதிப்பிட்டது. வேளாண் இழப்பு 84 கோடி, நீராதாரங்கள் மாசுபட்டதால் 62 கோடி, உடல்நலப் பாதிப்பு 30 கோடி, குடிநீர் வழங்கிய செலவு 20 கோடி, கூலி மற்றும் வாய்ப்பு இழப்பு 20 கோடி. இந்த மதிப்பீட்டையும் நிறுவனம் ஏற்கவில்லை.

யார் சொல்வது சரி என்பதைத் தீர்மானிக்கவே ஒரு தனித் தீர்ப்பாயம் தேவை என்ற முடிவுக்கு மாநில அரசு வந்தது. பிளாச்சிமடா இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவைக் கேரளச் சட்டப்பேரவை 2011 பிப்ரவரி 24-ஆம் தேதி ஒருமனதாக நிறைவேற்றியது. இடதுசாரிகளும் காங்கிரஸும் ஒரே பக்கம் கை தூக்கிய அபூர்வ நாள்களில் அது ஒன்று. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்காக மசோதா தில்லிக்கு வந்தது.

அதன்பின் நடந்தவை கடிதப் போக்குவரத்து. மசோதா அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று கூறும் சட்டக் கருத்தை மத்திய உள்துறை அமைச்சகத்திடம் நிறுவனம் அளித்தது. அமைச்சகம் அதை மாநில அரசுக்கு அனுப்பி விளக்கம் கேட்டது. ஒரு சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதாவுக்கு, எதிர்த்தரப்பு நிறுவனம் எழுப்பும் ஆட்சேபங்களுக்கு மாநிலம் பதில் சொல்லிக்கொண்டிருப்பதா என்ற கேள்வி கேரளத்தில் எழுந்தது. தில்லியில் ஆட்சி மாறியது. கோப்பின் நிலை மாறவில்லை. ஒப்புதல் அளிக்கப்படவில்லை என்ற செய்தி 2016-இன் தொடக்கத்தில் வெளியானது. ஒருமனதாக நிறைவேறிய மசோதாவுக்கு ஐந்தாண்டுகள் கழித்துக் கிடைத்த விடை அது.

மத்திய அரசின் முக்கிய ஆட்சேபம் இதுதான்: தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010-இலேயே வந்துவிட்டது, இழப்பீடு கோருவோர் அங்கே செல்லலாம், மாநிலத்துக்குத் தனித் தீர்ப்பாயம் எதற்கு? கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால், இழப்பீட்டு மனுவுக்கு அந்தச் சட்டம் விதிக்கும் கால வரம்பு, பாதிப்புக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்தாண்டுகள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள்கள். பிளாச்சிமடா ஆலை நின்றது 2004-இல். பசுமைத் தீர்ப்பாயம் செயல்பாட்டுக்கு வந்தது 2010 அக்டோபரில். கதவு திறப்பதற்கு முன்பே இந்த மக்களுக்கான நேரம் முடிந்துவிட்டது. அந்தக் கதவைக் காட்டித்தான் மற்றொரு கதவு மூடப்பட்டது.

2023-இல் பிளாச்சிமடாவில் உள்ள நிலத்தையும் கட்டடங்களையும் கேரள அரசிடம் ஒப்படைக்க நிறுவனம் முன்வந்தது. அதற்கு முன், 2021-இல் கொரோனா சிகிச்சை மையமாக அந்தக் கட்டடம் பயன்பட்டது. நிலம் வருவது நல்லதே. ஆனால் நிலம் அரசுக்கு, இழப்பு மக்களுக்கு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பதே போராட்டக்காரர்களின் வாதம்.

குளிர்பானத்திலிருந்து கணினிக்கு

இவை பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. தண்ணீர் கேட்டு வரும் தொழில்கள் மாறியுள்ளன; கேள்விகள் மாறவில்லை. வேலந்தாவளத்துக்கு மேற்கே உள்ள எலப்புள்ளியில் மதுபான ஆலை அமைக்க கேரள அமைச்சரவை 2025 ஜனவரியில் தொடக்க அனுமதி அளித்தபோது, எதிர்ப்பாளர்கள் முதலில் உச்சரித்த பெயர் பிளாச்சிமடா. நிலத்தடி நீரைத் தொடமாட்டோம், மழைநீரைச் சேமிப்போம் என்ற உறுதிமொழிகள் தரப்பட்டன. ஒருமுறை வறண்ட கிணற்றைப் பார்த்தவர்களுக்கு உறுதிமொழி மட்டும் போதவில்லை.

இப்போது வரிசையில் நிற்பவை தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் தரவு மையங்கள். ஓயாது இயங்கும் கணினிகளைக் குளிர்விக்க அவற்றில் பலவற்றுக்குத் தண்ணீர் வேண்டும். விசாகப்பட்டினத்தில் 1,500 கோடி டாலர் முதலீட்டில் மாபெரும் தரவு மையம் அமைப்பதாக கூகுள் நிறுவனம் 2025 அக்டோபரில் அறிவித்தது. முதலீட்டுத் தொகை தலைப்புச் செய்தியாகிறது. நீர்த்தேவை அந்த அளவுக்கு விவாதிக்கப்படுவதில்லை.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தி டேல்ஸ் என்ற சிறு நகரில் அதே நிறுவனத்தின் மையம் எவ்வளவு நீர் பயன்படுத்துகிறது என்ற தகவலைக் கேட்டது ஒரு நாளிதழ். அது வணிக ரகசியம் என்று நகர நிர்வாகமே மறுத்து வழக்காடியது. ஓராண்டுக்கும் மேலான இழுபறிக்குப் பின் 2022 டிசம்பரில் தகவல் வெளியானபோது, நகரம் பயன்படுத்தும் நீரில் கால் பங்குக்கும் மேல் அந்த மையங்களுக்குச் செல்வது தெரிந்தது. சிலி நாட்டின் தலைநகர் சாந்தியாகோவை ஒட்டிய செரியோஸ் பகுதியில் மக்கள் எதிர்த்தனர். சுற்றுச்சூழல் நீதிமன்றம் 2024-இல் தலையிட்டது. நீரின்றிக் காற்றால் குளிர்விக்கும் முறைக்குத் திட்டத்தை மாற்றுவதாக நிறுவனம் அறிவித்தது. முறையாகக் கேட்டால் தொழில்நுட்பம் வழிவிடும் என்பதற்கு இது சான்று.

நிறுவனம் பணம் கொடுத்து நடத்தும் ஆய்வு எல்லாம் பொய் என்று கருதுவதும் தவறு. கோகோ கோலா நிறுவனத்தின் இந்திய ஆலைகளை ஆராய்ந்து தில்லியின் எரிசக்தி மற்றும் வள ஆய்வு நிறுவனம் 2008-இல் அளித்த அறிக்கை, ராஜஸ்தானின் காலாடேரா ஆலையை மூடுவது அல்லது வேறிடத்துக்கு மாற்றுவது பற்றி யோசிக்குமாறு கூறியது. அந்த ஆய்வுக்குச் செலவு செய்தது கோகோ கோலாதான். ஆய்வின் முழு விவரமும் பொதுவெளியில் இருந்ததால்தான் மக்கள் அதை எடுத்துக்காட்டி வாதாட முடிந்தது. அறிக்கைக்கு யார் பணம் தந்தார்கள் என்பது முக்கியம். அறிக்கை முழுவதும் வெளியே வந்ததா என்பது அதைவிட முக்கியம்.

செய்ய வேண்டியது

மூன்று காரியங்களுக்கு நாடாளுமன்றம் பொறுப்பேற்கலாம். நிலத்தடி நீரைப் பெருமளவில் எடுக்கும் எந்த ஆலையும் மையமும் அன்றாடம் எவ்வளவு எடுக்கிறது என்பதை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டிவைக்க வேண்டும் என்று சட்டம் செய்வது முதலாவது. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் கால வரம்பால், அச்சட்டம் பிறப்பதற்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் வழியின்றி நிற்பதைத் திருத்துவது இரண்டாவது. மாநில மசோதாக்கள் மீது நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது என்றாகிவிட்ட நிலையில், அரசியல் சட்டத்தின் 201-ஆவது பிரிவில் அந்தக் கெடுவை நாடாளுமன்றமே சேர்ப்பது மூன்றாவது.

இம்மூன்றில் எதற்கும் புதிய ஆய்வறிக்கை தேவையில்லை. பிளாச்சிமடாவில் ஆய்வறிக்கைகளுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. 2002-இல் ஆலை வாயிலில் முதன்முதலாக அமர்ந்தவர்களில் பலர் இன்று இல்லை. மீதமுள்ளவர்களின் கோரிக்கை, எங்கள் இழப்பை விசாரிக்க ஒரு மன்றம் வேண்டும் என்பது மட்டுமே. 216 கோடி சரியா, தவறா என்பதைக்கூட அந்த மன்றம் முடிவு செய்யட்டும் என்கிறார்கள். அந்த மன்றத்தைத் தரத்தான் தில்லிக்கு மனம் வரவில்லை.